தலை குனியாமல் கேட்டவர்

சந்திரமதி முதன்முதலாகப் பிறரிடம் பணம் கேட்டது சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்றில். 2004ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை. கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்த நேரம். அவர் கையில் ஒரு கோப்பும், தன் பெயர் அச்சிட்ட புத்தம்புது அட்டைகளும் இருந்தன.

"வணக்கம் சார். புற்றுநோயாளிகளுக்கு உதவுற ஒரு நிறுவனத்துலேர்ந்து வர்றேன்" என்று தொடங்கினார்.

முதலாளி கையை உயர்த்தித் தடுத்தார். "அம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கடைக்குள்ள வந்து அந்தப் பேரச் சொல்லாதீங்க. வெளிய நில்லுங்க. கேஷியர்கிட்ட பத்து வெள்ளி குடுத்தனுப்பச் சொல்றேன்."

சந்திரமதி வெளியே போகவில்லை.

"அந்தப் பேரு புற்றுநோய் சார். எங்க அக்கா அந்தப் பேரச் சொல்லப் பயந்துகிட்டுப் பதினோரு மாசம் கட்டிய மறைச்சு வச்சிருந்தாங்க. நாப்பத்தோரு வயசுல போய்ட்டாங்க. பேரச் சொன்னதால யாரும் சாகல. எனக்குப் பத்து வெள்ளி வேணாம். பத்து நிமிஷம் குடுங்க, பேசிட்டுப் போறேன்."

முதலாளி உட்காரச் சொல்லவில்லை. வளையல் பார்க்க வந்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சந்திரமதி அங்கே கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே உட்கார்ந்தார். பேசி முடித்தபோது முதலாளி ஐந்நூறு சிங்கப்பூர் வெள்ளிக்குக் காசோலை எழுதினார். அடுத்த ஆண்டிலிருந்து அவரே அழைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை மட்டும் வர வேண்டாம் என்பார்.

இதை எனக்குச் சொன்னவர் சந்திரமதிதான். நான் தாரணி. 2007இல் அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போவதில் சில விஷயங்கள் அவர்களுக்குப் பிடிக்காது. வசதியில்லாத புற்றுநோயாளிகளின் மருந்துச் செலவுக்கு உதவுவதும், ஆய்வுக்கூடங்களுக்கு ஆராய்ச்சி நிதி கொடுப்பதும் அதன் பணி. கொடுப்பதற்கு முன்னால் யாராவது போய்க் கேட்டு வாங்கி வர வேண்டுமே. அந்தப் பிரிவில் நாங்கள் ஆறு பேர். நன்கொடைக் கடிதங்கள் எழுதுவது என் வேலை. படியேறிப் போய்க் கேட்பது சந்திரமதியின் வேலை.

அவருடைய அக்கா சிவகாமசுந்தரி பாசிர் ரிஸ்ஸில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் ஆண்டுத் தேர்வு முடியட்டும், தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். கடைசியில் மருத்துவமனையில் சேர்த்தபோது, மாமியார் வீட்டார் உறவினர்களிடம் வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்தார்கள். மகளுக்கு நாளைக்கு வரன் பார்க்க வேண்டும் என்பது காரணம். அந்த மகளுக்கு அப்போது எட்டு வயது. 2001இல் சாவு வீட்டிலும் அதே வயிற்றுப் புண்தான். சந்திரமதி எழுந்து நின்று, "எங்க அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். இங்க இருக்கிற பொம்பளைங்க எல்லாரும் போய் செக் பண்ணிக்குங்க" என்று உரக்கச் சொன்னாராம். அக்காவின் மாமியார் இன்றுவரை அவருடன் பேசுவதில்லை.

அப்போது சந்திரமதி ஒரு விமான நிறுவனத்தின் பயணப்பதிவுப் பிரிவில் தொலைபேசியில் பேசும் வேலையில் இருந்தார். கத்துகிறவர்களிடம் கத்தாமல் பேசுவது எப்படி என்று பதினான்கு ஆண்டுகள் பழகியவர். 2003இல் சார்ஸ் நோய் வந்து விமானங்கள் நின்றபோது வேலை போனது. பல மாதங்கள் வீட்டிலிருந்த பிறகு நாளிதழில் எங்கள் நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. சம்பளம் பழைய வேலையில் வாங்கியதில் பாதிதான். "பரவால்ல, போ" என்றாராம் அவர் கணவர் குமரன். குமரன் எம்ஆர்டி நகர ரயிலில் தண்டவாளப் பராமரிப்புத் தொழில்நுட்பர். அதிகம் பேசாத மனிதர்.

நான் எழுதிய முதல் கடிதத்தை சந்திரமதி திருப்பிக் கொடுத்தபோது அதில் ஒரே ஒரு சொல் ஐந்து இடங்களில் அடிக்கப்பட்டிருந்தது. 'பாவம்.' பாவப்பட்ட நோயாளிகள், பாவம் அந்தத் தாய் என்றெல்லாம் எழுதியிருந்தேன்.

"பாவம்னு சொல்லி வாங்குற பணம் ஒரு தடவைதான் வரும் தாரணி. அதோட நாம யாருக்காக வாங்குறோமோ அவங்களையும் சின்னதாக்கிடும்" என்றார்.

"அப்போ என்னன்னு எழுதுறது?"

"என்ன மருந்து, எத்தன மாசம், எவ்ளோ ஆகும், குடுத்தா என்ன நடக்கும். அவ்ளோதான் லா. படிக்கிறவங்க முட்டாள் இல்ல."

அப்படி எழுதினால் யார் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கொடுத்தார்கள். எல்லாரும் அல்ல. ஆனால் கொடுத்தவர்கள் அடுத்த ஆண்டும் கொடுத்தார்கள்.

2013இல் சந்திரமதி எங்கள் பிரிவுக்குத் தலைவியாகியிருந்தார். அந்த ஆண்டு நிதி திரட்டும் விருந்தில்தான் முதல் பெரிய மோதல். ஒவ்வோர் ஆண்டும் ஒரு ஹோட்டலில் மேசை மேசையாக விற்று நடத்தும் இரவு விருந்து அது. பர்னிச்சர் வியாபாரி ஒருவர் இரண்டு லட்சம் வெள்ளி தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு நிபந்தனை. புற்றுநோய் வந்த குழந்தை ஒன்று மேடைக்கு வந்து அவருக்குப் பூச்செண்டு கொடுக்க வேண்டும். முடி கொட்டிய தலையோடு வந்தால் நல்லது என்று அவருடைய காரியதரிசி மின்னஞ்சலில் எழுதியிருந்தார்.

எங்கள் உதவி பெற்றுக்கொண்டிருந்த இனியா என்ற பதினொரு வயதுச் சிறுமியை ஏற்பாட்டுக் குழு தேர்ந்தெடுத்தது. ரத்தப் புற்று. அம்மா வித்யா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். சந்திரமதிக்கு இது தெரிந்தது விருந்துக்கு நான்கு நாள் முன்பு. அன்றைக்கே ஆங் மோ கியோவில் வித்யாவின் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

வித்யா எங்களைப் பார்த்ததும் பதறிப்போய்த் தேநீர் போட எழுந்தார். சந்திரமதி அவரை உட்கார வைத்துவிட்டு, சோபாவில் தொப்பி போட்டுக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்த இனியாவிடம் நேராகக் கேட்டார். "உனக்கு ஸ்டேஜுல போய் நிக்கப் பிடிச்சிருக்கா கண்ணு?"

இனியா அம்மாவைப் பார்த்தாள். "அம்மா சொன்னாங்க."

"அம்மா சொன்னது இருக்கட்டும். உனக்கு?"

"I don't want. என் ஸ்கூல் பிள்ளைங்க பாப்பாங்க. தொப்பி போட்டுக்கவான்னு கேட்டேன், கூடாதுன்னாங்க."

வித்யாவின் கண்கள் நிறைந்தன. "மேடம், மாட்டேன்னு சொன்னா மருந்துப் பணத்த நிப்பாட்டிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"யாரும் நிப்பாட்ட மாட்டாங்க. நான் இருக்கேன்" என்றார் சந்திரமதி. அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்கு இறங்கியதும் அங்கேயே நின்று அந்த வியாபாரியின் காரியதரிசிக்குத் தொலைபேசியில் அழைத்தார். குழந்தை வரமாட்டாள், பூச்செண்டு வேண்டுமானால் நானே கொடுக்கிறேன் என்று சொன்னார். மறுநாள் இரண்டு லட்சமும் போயிற்று.

எங்கள் நிர்வாக வாரியத் தலைவர் ரெங்கசாமி. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் நடத்துபவர். சொந்த உழைப்பில் மேலே வந்தவர், நிறுவனத்துக்கு நிறையக் கொடுத்தவரும்கூட. அவர் சந்திரமதியைக் கூப்பிட்டு, வியாபாரிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்.

"எழுத மாட்டேன் சார்."

"ரெண்டு லட்சம் சந்திரா! எத்தன பேருக்கு மருந்து அது, தெரியுமா?"

"நாப்பது பேருக்கு. எனக்குத் தெரியாதா? அஞ்சு மாசம் குடுங்க, கொண்டு வர்றேன். வராட்டா வேலைய விட்டுடுறேன்."

அந்த ஐந்து மாதமும் சந்திரமதி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருக்கவில்லை. முறைப்படி உரிமம் வாங்கிக்கொண்டு, உண்டியல்களோடு லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குப் போனோம். ஞாயிறு மாலைகளில் கேம்பல் லேனிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் கால் வைக்க இடமிருக்காது. கட்டுமான வேலை, கப்பல் பட்டறை வேலை செய்கிற தம்பிகள் ஊருக்குப் பணம் அனுப்ப, காய்கறி வாங்க, கூட்டாளிகளைப் பார்க்க வந்து நிற்பார்கள். அவர்களிடமா கேட்பது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. சந்திரமதி கூசவில்லை. அவர்கள் கொடுக்க முடியாதவர்கள் என்று நினைப்பதுதான் அவமரியாதை என்றார்.

அங்கேதான் ரகுபதியைப் பார்த்தோம். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், துவாஸில் கப்பல் பட்டறையில் வெல்டர். சந்திரமதி சொன்னதை முழுவதும் நின்று கேட்டுவிட்டு, ஐந்து வெள்ளித் தாள் ஒன்றை உண்டியலில் போட்டார். "அக்கா, இந்த மாதிரி ஒரு டப்பா குடுங்க. எங்க டார்மிட்டரில எண்ணூறு பேர் இருக்கோம். நான் கேக்குறேன்" என்றார்.

உண்டியல் மூன்றாவது வாரம் நிரம்பி வந்தது. தேக்காவில் திரண்டது, கடைக்காரர்கள் தந்தது, செய்தி கேள்விப்பட்டுப் புதிதாக வந்த இரண்டு நிறுவனங்கள் தந்தது என்று ஐந்தாவது மாதம் முடிவதற்குள் இரண்டு லட்சம் தாண்டியது. ரெங்கசாமி பாராட்டவும் இல்லை, மன்னிப்புக் கடிதத்தைப் பற்றிப் பிறகு பேசவும் இல்லை. ரகுபதி மட்டும் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் தன் விடுதியில் உண்டியல் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். கொவிட் காலத்தில் விடுதிகளைப் பூட்டி வைத்திருந்த ஓராண்டு மட்டும் வரவில்லை.

2022 செப்டம்பரில் அவர் அலுவலகத்துக்கே வந்தார். முத்திரை உடைக்காத உண்டியலை மேசையில் வைத்தார். கழுத்தில் ஒரு பக்கம் கட்டுப் போட்டிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார்.

"அக்கா, அடுத்த வருஷத்துக்கு வேற ஆளு பாத்துக்கங்க. நான் ஊருக்குப் போற மாதிரி இருக்கு."

"கழுத்துல என்ன?"

"கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பாத்தாங்க. லிம்போமாங்கிறாங்க." நிணநீர்ப் புற்றைக் குறிக்கும் அந்தச் சொல்லை, அறியாத ஊரின் பெயரைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "கம்பெனி எடுத்த இன்சூரன்ஸ் டெஸ்ட்டுக்கும் பெட்டுக்குமே தீந்துபோச்சாம். டிக்கெட் போட்டுத் தர்றேன்றாங்க."

அவர் உதவி கேட்டு வரவில்லை. உண்டியலைக் கொடுக்கத்தான் வந்திருந்தார். சந்திரமதி அவரை உட்கார வைத்து, தானே விண்ணப்பப் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். இரண்டாவது பக்கத்தில் பேனா நின்றது. குடியுரிமை அல்லது நிரந்தரவாசத் தகுதி என்ற இடம். எங்கள் விதிப்படி அந்தத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் உதவி. வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஒரு காசு கொடுக்க வழியில்லை.

ரகுபதி போன பிறகு சந்திரமதி வெகுநேரம் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெட்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இந்த விதி எனக்குத் தெரியும் தாரணி. சேந்த மொத வாரத்துலயே படிச்சது. ஒம்பது வருஷமா அந்தப் பசங்ககிட்ட வாங்கியிருக்கேன். ஒரு ஞாயித்துக்கிழமைகூட அவங்ககிட்ட இதச் சொல்லல."

விதியை மாற்றச் சொல்லி வாரியத்துக்கு எழுதினார். இரண்டே வாரத்தில் பதில் வந்தது. நன்கொடையாளர்கள் இந்நாட்டு மக்களுக்கென்று கொடுக்கிறார்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கு முதலாளிகள் பொறுப்பு. கருணைக்கும் எல்லை உண்டு. கடைசி வரியைப் படித்துவிட்டு சந்திரமதி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்த ஞாயிறு மாலை கேம்பல் லேனுக்குப் போனோம். உண்டியல் எடுத்துக்கொள்ளவில்லை. பழகிய முகங்கள் சுற்றி வந்து நின்றன. சந்திரமதி ஒரு பூக்கடையின் ஓரத்துப் படியில் ஏறி நின்று பேசினார்.

"இன்னிக்கு நான் எதுவும் கேக்க வரல. ஒரு விஷயம் சொல்ல வந்தேன். நீங்க இத்தன வருஷமா குடுத்த பணம் நல்லபடியாத்தான் செலவாச்சு. ஆனா உங்கள்ல ஒருத்தருக்கு இந்த நோய் வந்தா அந்தப் பணத்துலேர்ந்து உங்களுக்கு ஒரு வெள்ளி வராது. விதி அப்படி. இது எனக்கு முன்னாடியே தெரியும். நான் சொல்லல. தப்பு என்னோடது. விதிய மாத்துற வரைக்கும் உங்ககிட்ட இனி கேக்க மாட்டேன்."

பின்னால் நின்ற ஒருவர், "அப்ப நாங்க என்ன இளிச்சவாயங்களா?" என்று கத்திவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். இன்னொருவர், "நோய் வந்தவங்களுக்குத்தானேக்கா குடுத்தோம். யாரா இருந்தா என்ன" என்றார். சந்திரமதி கோபப்பட்டுப் போனவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் சொன்னதுதான் சரி" என்று என்னிடம் சொன்னார்.

யாரோ அதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக சந்திரமதிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை அவர் தன் மேசைக்கு எதிர்ச் சுவரில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டி வைத்தார். எடுக்கச் சொன்ன மனிதவள அதிகாரியிடம், "எனக்கு வந்த லெட்டர்தானே? என் இடத்துல நான் ஒட்டிக்கிறேன்" என்றார். ரகுபதிக்கு அவர் கூட்டாளிகளே பணம் போட்டார்கள். இரண்டு தவணை கீமோ இங்கேயே கிடைத்தது. அதன் பிறகு அனுமதிச் சீட்டு முடிந்து, நவம்பரில் ஊருக்குப் போய் மதுரையில் மீதிச் சிகிச்சையைத் தொடர்ந்தார்.

2023 ஜனவரியில் சந்திரமதிக்கு ஐம்பத்தைந்து வயது. அக்கா இறந்ததிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் மார்பகப் பரிசோதனைக்குப் போவார். அந்த ஆண்டு திரும்ப வரச் சொன்னார்கள். இரண்டாம் கட்டம் என்றார்கள். அறுவை சிகிச்சை, பிறகு ஆறு தவணை கீமோ. எங்கள் எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சலில் தெரிவித்தார். "எனக்கு மார்பகப் புற்றுநோய். சிகிச்சை உண்டு. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். வாடிய முகத்தோடு யாரும் வீட்டுக்கு வராதீர்கள்" என்று இருந்தது.

முடி கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்ததும் குமரன் சமையலறையில் நாற்காலி போட்டு மெஷினால் தலையை மழித்துவிட்டார். அன்று நான் மீன் குழம்பு கொண்டுபோயிருந்தேன். சந்திரமதி கண்ணாடி பார்த்துவிட்டு, "மண்டை நல்ல ஷேப்பாத்தான் இருக்கு" என்றார். குமரன் திரும்பி நின்று தரையைக் கூட்டினார். அவர் தோள் குலுங்கியதை நாங்கள் இருவரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

நான்காவது தவணை முடிந்த வாரம் ரெங்கசாமி பழங்களோடு வீட்டுக்கு வந்தார். அப்போதும் நான் அங்கிருந்தேன். நலம் விசாரித்தார். உண்மையான அக்கறையோடுதான். பிறகு மெல்லத் தொடங்கினார்.

"சந்திரா, தப்பா எடுத்துக்காதீங்க. இருபது வருஷமா மத்தவங்களுக்காகக் கேட்டவங்க நீங்க. இப்ப நீங்களே பேஷண்ட். செப்டம்பர் டின்னர்ல நீங்க ஸ்டேஜுல வந்து நின்னா போதும். பேசக்கூட வேணாம்."

"பேசக்கூட வேணாமா?"

"உங்களுக்குச் சிரமமா இருக்குமேன்னு சொன்னேன்."

சந்திரமதி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "இதுதானே சார் வேணும்? தர்றேன். ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. வேலை அனுமதிச் சீட்டுல இருக்கிறவங்களுக்கும் உதவின்னு விதிய மாத்துங்க. மாத்தின மறுநாள் போஸ்டர், வீடியோ, எது வேணுமோ எடுத்துக்கலாம்."

ரெங்கசாமி முகம் சிவந்தது. "இது பிளாக்மெயில்."

"இல்ல சார், ஃபண்ட்ரைசிங். ஒருத்தருக்கு என்ன வேணும்னு பாத்து, இன்னொருத்தருக்கு வேண்டியத அவர்கிட்ட கேக்குறது. இதுக்குத்தானே எனக்குச் சம்பளம் குடுத்தீங்க?"

"நான் ஒத்துக்க மாட்டேன். நாளைக்கு நம்ம ஆளுங்களுக்குப் பத்தாமப் போனா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். வாரியத்துல என்னைய பேச விடுங்க."

அவர் போன பிறகு, எனக்குள் இருந்ததைக் கேட்டே விட்டேன். "அக்கா, இனியாவ மேடையேத்த விடல. இப்ப நீங்க ஏறுறீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அந்தப் புள்ளய யாரும் கேக்கல. பயமுறுத்தி இழுத்துட்டு வந்தாங்க. என்னையக் கேட்டாங்க. நான் பேரம் பேசினேன். பிடிக்கலதான் தாரணி, எனக்கும் இது பிடிக்கல. ஆனா கையில வேற என்ன இருக்கு?"

ஜூலையில் வாரியம் கூடியது. ஏழு பேர். சந்திரமதி முகக்கவசம் அணிந்து, தடியூன்றிப் போனார். கீமோவில் பாதம் மரத்துப் போயிருந்தது. நாற்பது நிமிடம் பேசினார். தேக்காவில் திரண்ட தொகைகளை ஆண்டுவாரியாகப் படித்தார். ரகுபதி ஒன்பது ஆண்டில் தன் விடுதியில் சேர்த்துக் கொடுத்தது மட்டும் அறுபத்தோராயிரம் வெள்ளி. "இத அவங்ககிட்ட திருப்பிக் குடுக்குறீங்களா, இல்ல அவங்களயும் சேத்துக்குறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டாராம். நான்கு பேர் சந்திரமதி பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம். ரெங்கசாமி எதிர்த்தே வாக்களித்தார். தனி நிதியாக வைக்க வேண்டும், பொது நிதியைத் தொடக்கூடாது, இரண்டு ஆண்டு பார்ப்போம், முதலில் மூன்று லட்சம் சேர வேண்டும் என்று நிபந்தனைகள். சந்திரமதி எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் விருந்தில் அவர் மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டி, தலையில் எதுவும் கட்டாமல் மேடைக்கு வந்தார். அறை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். ஆங்கிலத்தில்தான் பேசினார், நான் தமிழில் தருகிறேன்.

"எனக்கு இந்த ஊரில் சிகிச்சை கிடைக்கிறது. மானியம் இருக்கிறது, காப்பீடு இருக்கிறது. ஆகவே எனக்காகக் கைதட்டாதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் கட்டடத்தைக் கட்டியவருக்கு இதே நோய் வந்தால் ஊர் திரும்ப டிக்கெட்தான் கிடைக்கிறது. அதை மாற்ற மூன்று லட்சம் தேவை. இன்று கேட்கிறேன். இல்லையென்றால் நாளைக்கு உங்கள் அலுவலகத்துக்கு வந்து கேட்பேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வருவேன்."

முன்வரிசை மேசையிலிருந்து ஒரு தம்பதி எழுந்து வெளியே போனார்கள். சிலர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அன்றைக்கே இரண்டு லட்சத்துக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். மீதிக்கு அவர் சொன்னபடியே ஆள் ஆளாகத் தேடிப் போனார். வெளியேறிய தம்பதியின் அலுவலகத்துக்கும் போனார். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

நிதி 2024 பிப்ரவரியில் தொடங்கியது. முதலில் உதவி பெற்றவர் வங்காளதேசத்தைச் சேர்ந்த கிரேன் ஓட்டுநர் ஒருவர். இதுவரை முப்பத்தொரு பேர். பொது நிதியில் யாருக்கும் குறையவில்லை. இரண்டாண்டு முடிந்ததும் தொடர்வதா என்று வாரியம் மறுபடி வாக்கெடுக்க வேண்டும். தன் எண்ணம் மாறவில்லை என்று ரெங்கசாமி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

ரகுபதி பிழைத்துக்கொண்டார். ஊரில் கேட், கிரில் செய்யும் பட்டறையில் வேலை செய்கிறார். நிதி தொடங்கிய அன்று சந்திரமதி அவருக்குத் தொலைபேசியில் சொன்னார். "நல்லதுக்கா. ரொம்ப நல்லது" என்றார். பிறகு, "மதுர செலவுக்கு வீட்ட அடகு வச்சதுதான் இன்னும் மீட்கல. பாத்துக்கலாம்" என்றார். அழைப்பு முடிந்ததும் சந்திரமதி கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். "பதினஞ்சு மாசம் லேட்டு" என்று மட்டும் சொன்னார். அவரை யாராவது புகழ்ந்தால் இப்போதெல்லாம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்.

சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு முடி சுருள் சுருளாக, முழு வெள்ளையாக முளைத்திருக்கிறது. சாயம் போடுவதில்லை. இந்த ஆண்டு அவர் கையில் எடுத்திருப்பது ஓர் ஆராய்ச்சி. டாக்டர் அர்ஃபான் என்ற ஆய்வாளர், வெல்டிங் புகையில் ஆண்டுக்கணக்காக வேலை செய்தவர்களின் நுரையீரலையும் ரத்தத்தையும் பத்தாண்டு தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும் என்கிறார். அதற்கான செலவைக் கப்பல் பட்டறை முதலாளிகளிடம்தான் கேட்க வேண்டும் என்பது சந்திரமதியின் பிடிவாதம். வேறு நன்கொடையாளர் ஒருவர் பாதிப் பணம் தர முன்வந்தும் இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்க ஆய்வுல எங்களுக்குப் பாதகமா முடிவு வந்தா?" என்று கேட்டார் முதல் பட்டறையின் இயக்குநர்.

"வந்தா தெரிஞ்சிக்கலாம். தெரிஞ்சிக்கத்தானே ஆய்வு?" என்றார் சந்திரமதி.

இயக்குநர் முடியாது என்றார். இரண்டாவது பட்டறையும் முடியாது என்றது. மூன்றாவது இடத்தில் வரவேற்பறையிலேயே ஒன்றரை மணி நேரம் காக்க வைத்துவிட்டு, இயக்குநர் வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான்காவது பட்டறைக்கு நான் மூன்று கடிதம் எழுதியாகிவிட்டது, பதில் இல்லை.

"நாலாவது லெட்டர் எழுதவா?" என்று நேற்றுக் கேட்டேன்.

"வேணாம். திங்கட்கிழமை காலையில எட்டரைக்கு அங்க இருப்பேன். நீயும் வர்றியா?"

"அப்பாய்ன்ட்மென்ட்?"

"அவங்க வாசல்ல வச்சு வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, துவாஸுக்குப் போகும் பேருந்து எத்தனை மணிக்கு என்று கைப்பேசியில் தேடத் தொடங்கினார்.